கொழும்பு லில்லிப் பாத்தி

திரேஸ்புரத்தில் ஹில்டாவின் வீட்டு முற்றத்தில், தென்னைக்குப் பக்கத்தில் ஒரு லில்லிப் பாத்தி இருந்தது. கிழங்குகளைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் ரோச். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியை நடத்தும் தண்டல் அவன். வெள்ளை, மஞ்சள், ரோஸ் மூன்றும் முதல் மழைக்கே பூத்துவிட்டன. கடைசி வரிசை சிவப்பு என்று விற்றவன் சொன்னானாம். அது மட்டும் வெறும் இலையாக நின்றது.

"அடுத்த மழைக்குப் பூக்கும். நான் வந்து பாக்குற வரைக்கும் பறிச்சிராத" என்று சொல்லிவிட்டு, புதுத் துறைமுகம் திறந்த வருஷம் ஐப்பசியில் ரோச் தோணி ஏறினான். மூன்றாம் நாள் புயல் அடித்தது. தோணியில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

பலகை ஒதுங்காததுதான் ஹில்டாவின் பிடிமானம். மற்ற ஏழு வீட்டிலும் இறந்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசை முடிந்துவிட்டது. அவள் வைக்கவில்லை. முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால், தெருக்குழாயில் வரிசை நின்று பிடித்த நல்ல தண்ணீரில் முதல் செம்பைத் தினமும் பாத்திக்கு ஊற்றினாள். குடிக்கவும் சமைக்கவும் மிச்சம்தான்.

மாமியார் கிளாடிஸ் அதைப் பார்க்கும்போதெல்லாம் முனகுவாள். கல்லறைத் திருநாள் வருகிறது, அதற்குள்ளாவது பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பாள். "எம் மவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த விடமாட்டங்கியே, ஏளா. கெழங்குக்குத் தண்ணி ஊத்துனா தோணி வந்திருமோ?" என்று ஒருநாள் கேட்டும்விட்டாள். அதன்பிறகு ஒரே சட்டியில் சோறு பொங்கித் தின்றாலும் இருவருக்கும் நடுவில் பேச்சு அற்றுப்போனது.

புரட்டாசிக் கடைசியில் சிவப்பு வரிசையின் இலை நுனி கருகியது. வெயில் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினாள். பிறகு மஞ்சளும் ரோஸும் சாய்ந்தன. ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தாள். அழுகின வெங்காயம்போலக் கையில் நசுங்கியது. விரலில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்தாள். உப்பு.

மறுநாள் விடியும் முன்னே குழாய்க்குக் கிளம்பியபோது, கிளாடிஸ் பாத்தியருகே குனிந்திருந்தாள். மீனுக்கு உப்புப் போட்டு ஊறவைக்கிற பானை கையில். இலையில் படாமல், ஒவ்வொரு செடியாக விலக்கி, தூரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஊத்துதீங்க மாமி?"

கிளாடிஸ் நிமிரவில்லை.

"மீன் ஊறுன தண்ணிளா. தென்னைக்கு இதைத்தான ஊத்துதேன், எப்படிக் குலை தள்ளியிருக்கு பாரு. ஒரு மாசமா இதுக்கும் ஊத்துதேன். அவன் வாரதுக்குள்ள சிவப்பு பூத்திரணும்லா."

ஹில்டா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"அப்போ பூசை வைக்கச் சொன்னது?"

"நீ சின்னவ. உனக்கு ஒரு வழி பொறக்கட்டும்னுதான். நான் பெத்தவ, இருந்து காத்துக்கிடுவேன்."

ஹில்டாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாகத் தான் மட்டுமே காத்திருப்பதாக நினைத்திருந்தாள். எதிரே குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்தபோது, இருவரில் ஒருத்தியாவது இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று பட்டது. பானையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பாத்தி போச்சு மாமி. உப்பு தின்னுட்டு."

கொஞ்சம் பொறுத்து, "அவியளும் வரமாட்டாவ" என்றாள்.

கிளாடிஸ் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது ஹில்டா பார்த்தது அன்றுதான்.

கல்லறைத் திருநாளன்று ரோச்சின் பெயரைப் பூசையில் வாசித்தார்கள். கல்லறை இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்து நடுவில் பெரிய குருசு உண்டு. உப்பு எட்டாத சுவரோரத்தில் தப்பியிருந்த இரண்டு வெள்ளை லில்லிகளை ஹில்டா அதன் அடியில் வைத்தாள். கிளாடிஸ் மெழுகுதிரி கொளுத்தினாள். கடற்காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் ஹில்டா கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, குழாய்த் தண்ணீரில் முதல் செம்பை மொண்டவள் பழக்கத்தில் பாத்திவரை போய்விட்டாள். வெறும் மண். பிறகு உள்ளே போய், சுவர் பார்த்துப் படுத்திருந்த கிளாடிஸின் பக்கத்தில் செம்பை வைத்தாள்.

"எந்திரிங்க மாமி. நல்ல தண்ணி. குடிங்க."