இடிப்பதற்கு ஒரு கடை

பன்னிரண்டு வருஷமாக நான் ஊர்களை இடித்துக்கொண்டிருக்கிறேன். ஒசாகாவை இரண்டு முறை, நகோயாவை ஒரு முறை, டோக்கியோவை எத்தனை முறை என்று எனக்கே கணக்கில்லை. எந்தச் சுவரையும் இரண்டாவது தடவை உதைத்ததில்லை என்பது என் பெருமை. ஆனால் என்ன பிரயோஜனம்? திரையில் இவாடோன் என்கிற ராட்சத மிருகம் வந்தால் நாடு முழுக்கக் குழந்தைகள் கத்திக்கொண்டு எழுந்து நிற்கும். அந்த இவாடோனின் வயிற்றுக்குள் வியர்த்து வடிந்துகொண்டு நிற்கிற நெமோட்டோவை எங்கள் தெரு மீன்கடைக்காரனுக்குக்கூடத் தெரியாது. போகட்டும், நான் ஒன்றும் வருத்தப்படவில்லை.

உடுப்பு எண்பத்தைந்து கிலோ. எல்லாம் ரப்பர். கழுத்தில் நாலு ஓட்டை இருக்கும், அதுதான் எனக்குக் கண், மூக்கு, எல்லாமும். பாதத்துக்குள்ளே மரச்செருப்பு. வாலை மேலே உத்திரத்தில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் கம்பி கட்டி ஆட்டுவார்கள். ஒரு ஷாட் முடிந்து உடுப்பைக் கழற்றினால் காலிலிருந்து வியர்வையைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். உப்பில் ஊறிய பிளம் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு, பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவேன். இதையெல்லாம் நான் விரும்பித்தான் செய்கிறேன். அந்த வருஷம் எடுத்துக்கொண்டிருந்தது இவாடோனின் ஏழாவது படம். என் மைத்துனன் கிச்சிஜி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அதுவும் சுகமாகவே முடிந்திருக்கும்.

கிச்சிஜி என் மனைவி மிட்சுயோவின் தம்பி. நீகாட்டாவில் தச்சு வேலை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் அங்கே பூகம்பம் வந்த மறுமாதம், ஆயுதப் பெட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். பொல்லாதவன் இல்லை, பேச்சுத்தான் குறைவு. டோக்கியோவில் மூன்று இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான், மூன்றையும் விட்டான். 'இந்த மூலைக்கு இரண்டு ஆணி போதும்' என்று மேஸ்திரி சொல்வாராம், இவன் ஆறு அடிப்பானாம். அடிக்காதே என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அப்போதுதான் மிட்சுயோ ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏங்க, உங்க ஸ்டூடியோலயும் வீடுதானே கட்றாங்க? அவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்."

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். மறுநாளே டைரக்டர் ஹராகுச்சியிடம் போய், என் மச்சான், தங்கமான கை, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஸ்டூடியோவில் கட்டடம் கட்டுவது ஒரு தனி வேலை. ஆள் உயரத்துக்கு வங்கி கட்டுவார்கள், தபால் ஆபீஸ் கட்டுவார்கள். ஜன்னல் கண்ணாடியில் தூசி படிந்திருப்பதுகூடத் தெரியும். ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. சுண்ணாம்புச் சாந்தை அப்பளம் மாதிரி மெல்லிசாக ஊற்றி, உட்பக்கம் கத்தியால் கீறி வைப்பார்கள். தொட்டால் உதிர வேண்டும். இரண்டு வாரம் கட்டினதை நான் ஒரே உதையில் தூளாக்குவேன். ஒரு தடவைதான் முடியும். உதை சரியில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கிச்சிஜி முதலில் கட்டினது துறைமுகத்துக் கிடங்கு. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. காமிரா ஓடியது, நான் முழு மூச்சாக உதைத்தேன். என் கட்டைவிரல் நகம் போய்விட்டது. கிடங்கு அப்படியே நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே குறுக்குக் கட்டைகள், ஆப்புகள், ஒவ்வொரு மூலைக்கும் முட்டு. பூகம்பம் வந்தாலும் அசையாத கிடங்கு. ஹராகுச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் நெமோட்டோ, உன் மச்சான் கட்டினது கிடங்கா, கோட்டையா?" என்றார். எனக்கு மானம் போய்விட்டது.

இரண்டாவது, தீயணைப்பு நிலையத்துக் கோபுரம். இந்தத் தடவை வாலால் அடிக்க வேண்டும். அடித்த வால் பட்டென்று திரும்பி வந்தது. மேலே இருந்தவர்கள் கையிலிருந்து கம்பி நழுவி, நான் நிலை தடுமாறி, வியாழக்கிழமை இடிக்க வேண்டிய ரயில் நிலையத்தின்மேல் செவ்வாய்க்கிழமையே மல்லாக்க விழுந்தேன். காமிரா அந்தப் பக்கமே இல்லை. என்னைத் தூக்கி நிறுத்த எட்டுப் பேர் வந்தார்கள், அதில் ஆறு பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஹராகுச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்று இருக்கிறது, படத்தில் அதுதான் பெரிய இடிப்பு, அதைக் கிச்சிஜி கட்டட்டும் என்றார். மற்றவர்கள் கை எல்லாம் வேறு வேலையில் இருந்தன. அது ஒழுங்காக விழாவிட்டால் அன்றைக்கே அவன் கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் மிட்சுயோ அழுதுகொண்டு இருந்தாள். இந்த வேலையும் போனால் ஹொக்காய்டோவில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அங்கே ஆள் எடுக்கிறார்களாம், கடிதமும் போட்டுவிட்டானாம். இருக்கிற ஒரே தம்பி மண்ணுக்கு அடியில் போகப்போகிறான் என்று அவள் சொன்னாள். மாதம் ஒரு சுரங்கம் சரிந்த செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம் அது.

நான் நேரே அவன் அறைக்குப் போனேன். ஆயுதங்களைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா மச்சான், என்னைக் கொல்லணும்னே வந்தியா? விழறதுக்குன்னுதான்டா கட்றோம். இது யாரும் குடியிருக்கிற வீடு இல்ல."

"தெரியும் அத்தான். கைக்குத் தெரிய மாட்டேங்குது."

"கைக்கு என்ன கேடு?"

அவன் உளியைக் கீழே வைத்தான். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் பூகம்பத்தைப் பற்றி வாய் திறந்தான். நீகாட்டாவில் ஒரு சத்திரம் கட்டினானாம், இரண்டு மாடி. சத்திரக்காரர் அவசரப்படுத்தினார் என்று சில முட்டுகளைப் போடாமல் விட்டுவிட்டானாம். பூமி ஆடினதும் அது ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்டது. சமையல்கார அம்மாள் படியில் பாதி இறங்கியிருந்தாள். உயிர் தப்பிவிட்டாள், ஆனால் ஒரு கால் போய்விட்டது. அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உன்மேல் தப்பில்லை தம்பி, பூகம்பம்தானே என்று இவனுக்கு அவள் ஆறுதல் சொன்னாளாம்.

"திட்டியிருந்தா போயிருக்கும் அத்தான்," என்றான். "இன்னும் நாலு படி இறங்கியிருந்தா தப்பிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் வேணும், நாலு படி."

நான் சண்டை போட வந்தவன். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் அவன் ஜவுளிக்கடையிலேயே கிடந்தான். நான் தினமும் சாப்பாட்டு வேளையில் போய் எட்டிப் பார்ப்பேன். சுவரை விரலால் தட்டினால் டொக் டொக் என்று காலியாகச் சத்தம் கேட்டது. சாந்து மெல்லிசு, உட்பக்கம் கீறல், குறுக்குக் கட்டை ஒன்றுகூட இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் சில காரியங்கள் புரியவில்லை. காமிராக்காரரிடம் போய், இந்த ஷாட் எத்தனை மடங்கு வேகத்தில் ஓடும், திரையில் எத்தனை மடங்கு மெதுவாகத் தெரியும் என்று கேட்டானாம். நாலு மடங்கு என்றதும் சுவரில் கரிக்கட்டியால் எதையோ எழுதிக் கணக்குப் போட்டானாம். மிட்சுயோவின் மாவுச் சல்லடையை எடுத்துப்போய் மணல் சலித்தான். அதற்கு அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவனும் இந்த இவாடோன்தான்.

படப்பிடிப்பு அன்று காலையிலேயே அனல். விளக்குகள் போட்டதும் தளம் அடுப்பாகிவிட்டது. மூன்று காமிரா, அறுபது பேர். கிச்சிஜி மூலையில் கைகட்டி நின்றான். முகத்தில் ஈ ஆடவில்லை. உடுப்பை மாட்டுவதற்கு முன் நான் அவனைப் பார்த்தேன், அவன் என் காலைப் பார்த்தான்.

"அத்தான், ஒரே உதை. வாசலுக்கு இடது பக்கம். அப்புறம் சும்மா நில்லுங்க," என்றான்.

நான் எத்தனை ஊரை இடித்தவன், எனக்குச் சொல்லித் தருகிறான் பார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஹராகுச்சி கையை இறக்கினார். நான் தெருவில் நாலு அடி நடந்தேன், டிராம் வண்டியை ஒதுக்கினேன், தலையைத் தூக்கி உறுமுவது போல ஆட்டினேன். அவன் சொன்ன இடத்தில் ஒரு உதை. கால் அப்படியே உள்ளே போனது. சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. காலை வெளியே இழுத்தேன்.

கடை விழவில்லை.

கீழ்மாடி பெயர்ந்து கிடக்கிறது, மேலே மூன்று மாடியும் நெட்டுக்குத்தாக நிற்கிறது. என் உயிரே போய்விட்டது. படுபாவி, கடைசியில் உள்ளே என்னத்தையோ வைத்துவிட்டான் என்று பல்லைக் கடித்தேன். இன்னொரு உதை உதைத்தால் விழுந்துவிடும். ஆனால் இரண்டாவது உதை படத்தில் தெரியும், ஷாட் கெட்டுவிடும், அவன் கதை முடிந்தது. உதைக்காவிட்டாலும் முடிந்ததுதான். சுரங்கம், மிட்சுயோவின் அழுகை எல்லாம் அந்த ரப்பருக்குள் என்னோடு நின்றன. என் கால் தானாகவே பின்னால் போனது. சும்மா நில்லுங்க என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

கட்டடத்துக்குள்ளிருந்து சரசரவென்று ஒரு சத்தம். நாலாவது மாடி கொஞ்சம் தலை சாய்த்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கூரையிலிருந்த விளம்பர பலூன் ஒரு பக்கம் சரிந்தது. பிறகு மொத்தமும், யாரோ கையைப் பிடித்து உட்கார வைத்தது போல, காலியாக இருந்த பின் தெருப் பக்கம் சாய்ந்து விழுந்தது. புழுதி என் கழுத்து ஓட்டை வரை வந்தது.

ஹராகுச்சி கட் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு இடிப்பை நான் பார்த்ததில்லை, நானே இடித்தது என்றாலும் சொல்கிறேன். என் உடுப்பின் முதுகைத் திறந்தார்கள். நான் பாதி வெளியே, பாதி உள்ளே நின்றுகொண்டிருந்தேன். ஹராகுச்சி கிச்சிஜியைக் கூப்பிட்டார்.

எப்படி நின்றது என்று கேட்டார். கிச்சிஜி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தூண்களை மணல் நிரப்பிய டப்பாக்கள்மேல் நிறுத்தியிருக்கிறான். என் உதை அடைப்பைத் தட்டிவிடும், மணல் ஒழுகி முடியும் வரை மேலே உள்ளது நிற்கும். நீகாட்டாவில் மணல் தரையில் கட்டின அடுக்குமாடிகள் இப்படித்தான் மெதுவாகச் சாய்ந்தனவாம், ஜனங்கள் ஜன்னல் வழியாக இறங்கி நடந்து வந்தார்களாம்.

"அஞ்சு செகண்ட் நின்னுச்சு," என்றார் ஹராகுச்சி. "அது என்ன அஞ்சு கணக்கு?"

"படத்துல அது இருபது செகண்ட் ஐயா. நாலாவது மாடியில இருக்கிறவங்க ஓடி வெளிய வர அவ்வளவு வேணும். நம்ம வீட்டுப் படியில ஏறி இறங்கிப் பாத்தேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கடைக்குள் ஆள் என்று ஒரு பொம்மைகூடக் கிடையாது. ஹராகுச்சி புழுதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்லாமல் செய்ததற்கு இப்போது விரட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அடுத்த படத்துல ஒரு ஆஸ்பத்திரி வருது," என்றார். "அதையும் நீயே கட்டு. அதுக்கு எத்தனை செகண்ட் வேணும்?"

சந்தோஷத்தில் எண்பத்தைந்து கிலோவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மிட்சுயோவிடம் யார் முதலில் ஓடிப்போய்ச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் கிச்சிஜி விரல் விட்டு எண்ணினான். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். வேலை கைக்கு வந்த நேரத்தில் இவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"முடியாது ஐயா," என்றான் கடைசியில். "படுத்திருக்கிறவங்களத் தூக்கிட்டு வரணும். எத்தனை மணல் வெச்சாலும் பத்தாது. அத்தான் அந்தப் பக்கம் போக வேண்டாம்."

அடுத்த கோடையில் அந்தப் படம் எடுத்தோம். இவாடோன் கடலிலிருந்து ஏறி வருகிறது, பாலத்தை முறிக்கிறது, தெருவையே துவம்சம் செய்கிறது. ஆஸ்பத்திரி முனைக்கு வந்ததும் நின்றேன். உத்திரத்தில் இருந்தவர்கள் கம்பியைத் தளர்த்தினார்கள். ஜன்னலில் படாமல் இருக்க வாலை என் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு போனேன்.