பெர்லின் பிள்ளை

சென்னையில் எம்டன் கப்பல் குண்டு போட்ட மறுவருசம், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் வாழைக்குறிச்சியில், மாஜிஸ்டிரேட் கச்சேரி வாசலில் ஒரு குண்டு வெடித்தது. ஆள் சேதமில்லை. இரண்டு ஜன்னல் கதவு மட்டும் போயிற்று. போட்டவர் நாறும்பூநாத பிள்ளை. கோயில் வாணவேடிக்கைக்காரனிடம் கெஞ்சி வாங்கிய மருந்து, ஒரு தகர டப்பா, சொந்தக் கை. வெள்ளைக்காரன் ஆட்சியை நடுங்க வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து மோர் குடித்தார்.

மறுநாள் காப்பிக் கடையில் வக்கீல் ஐயம்பெருமாள் பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெர்மன்காரன் வேலைவே இது. காயல்பட்டினம் பக்கம் நீர்மூழ்கிக் கப்பல்ல வந்து, ஆத்து வழியா ஏறியிருக்கான்."

"ஆத்துல முட்டளவு தண்ணிதானே கெடக்கு, அண்ணாச்சி?" என்றார் நாறும்பூநாதர்.

"அதுதான்வே சூட்சுமம். எவனும் சந்தேகப்பட மாட்டாம்லா."

"நம்ம ஊர்க்காரன் எவனாவது போட்டிருக்கக் கூடாதா?"

கடையே சிரித்தது. நாறும்பூநாதர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் பாக்கியசீலன், காயல்பட்டினத்திலிருந்து கருவாடு விற்க வந்த காஜா முகைதீனைப் பிடித்து அடைத்தார். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி இருந்தது. துருக்கியோ ஜெர்மனி பக்கம். வேறென்ன சாட்சி வேண்டும்? அவருக்கு விழுந்த அடி தெருவரை கேட்டது.

அதைக் கேட்ட பிறகு நாறும்பூநாதருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

"அந்த மனுசனை விட்டிருங்க. குண்டு போட்டது நான்."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெர்மன்காரன் எங்கன வச்சுப் பழக்கினான்?"

"எவனும் பழக்கல. எனக்கே ஆத்திரம் வந்துது."

"இங்கன உள்ளவனுக்கு ஆத்திரம் வராதுவே. நல்லாட்சி நடக்குல்லா. வெளியூர்க்காரன் தூண்டினாத்தான் வரும். ஜெர்மன் சதின்னு துரை சீமைக்கே தந்தி கொடுத்தாச்சு. எடையில வந்து கெடுக்காம வீட்டுக்குப் போம்."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு பட்டப்பகலில், ஆளில்லாத நேரமாகப் பார்த்து, ஸ்டேஷன் கொல்லைச் சுவரில் இன்னொரு டப்பாவை எறிந்துவிட்டு, ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவர் சரிந்தது. இனி அவரைப் பிடிக்காமல் இருக்க முடியாது. உள்ளே பூட்டிக் கிடந்த காஜா முகைதீன் இதைச் செய்திருக்கவும் முடியாது. அவரை நொண்ட நொண்ட வெளியே அனுப்பினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் சதி மாறவில்லை, ஆள்தான் மாறினார். நாறும்பூநாதர் பெர்லினில் ரகசியமாகப் பயிற்சி பெற்றவர் என்று சர்க்கார் வக்கீல் வாதித்தார்.

"நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்ல," என்றார் கூண்டில் நின்றவர்.

இவ்வளவு உறுதியாக மறுக்க பெர்லினில்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்று நீதிபதி தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார்.

தண்டனை தொடங்கிய மாதம், மனைவி ஞானம்பாள் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் பார்க்க வந்தாள். பெர்லின் போய் வந்தவர் மனைவி என்று படித்துறையில் பெண்கள் இப்போது தனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள் என்றாள். அவள் கம்பியோடு ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. அந்த பெர்லின்ல இருந்தப்ப, கறி, மீன்னு கவிச்சி எதுவும் தொடலியே?"

அவர் மறுக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"தொடல," என்றார்.

ஞானம்பாள் நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினாள்.