ரூட்டருக்கு ஒரு பூட்டு

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெயர் சிவசங்கர். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். பதினோரு வருடத்தில் ஒரு சின்ன ஷாக்கூட வாங்கியதில்லை என்று அவருக்கு ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெருமை வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மிக்ஸி ஒயர் தரையைத் தொடக்கூடாது. ஈரக்கையோடு சுவிட்சுப் பக்கம் போனால் எனக்கும் நாலு வயது தென்றலுக்கும் ஒரே திட்டு. கிரைண்டரைக் கழுவுவதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி மேடைமேல் வைக்க வேண்டும். எனக்குக் கோபம் வரும். குழந்தை இருக்கிற வீடு, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடும்.

நான் கலைமதி. ஆறு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில், வரிசையாக உட்கார்ந்து போன் கோக்கிற லைனில் இருந்தேன். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் போன், ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்க்ரூ. தென்றல் வயிற்றில் இருக்கும்போது வேலையை விட்டவள்தான். அதற்குப் பிறகு "வீட்டில் என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும் இவர் "சும்மாதான் கீறா" என்பார். குத்திக்காட்டிச் சொல்வதில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார். நாலு வருடமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குள் என்னமோ கருகிக்கொண்டிருந்தது.

என்னோடு அதே லைனில் இருந்த ஜாஸ்மின் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மிக்ஸி, கிரைண்டர் செய்யும் கம்பெனிக்கு வரும் புகார் போன்களை எடுத்துப் பேசுகிற வேலை. தமிழ் தெரிந்தால் போதும். "உன் வாய்க்குன்னே செஞ்ச வேலடி" என்று என் பெயரையும் கொடுத்து, தன் பழைய லேப்டாப்பையும் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. வீட்டில் சொந்தமாக நெட் இருக்க வேண்டும், அதன் வேகத்தை அப்போதே சோதித்துப் பார்ப்பார்கள். நெட் கிடைக்காமல் போனால் மறுபடி கேட்க ஆறு மாதம் ஆகும். ஆறு மாதத்தில் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

செல்போன் நெட்டை நம்ப முடியாது. தெருவின் மூன்று பக்கமும் குடோன் தகரம் எழும்பிய பிறகு, போன் பேசவே பாதி மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேபிள்காரர் பாண்டுரங்கன் வந்தார். ஜன்னல் ஓரம் துளை போட்டு, நூல் தடிமனில் ஒரு ஒயரை உள்ளே இழுத்து, இரண்டு கொம்பு வைத்த வெள்ளை ரூட்டர் பெட்டியில் சொருகி மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் பாஸ்வேர்டைப் போட்டேன். தென்றலின் யானைப் பாட்டு ஒரு இடத்தில்கூட நிற்காமல் கடைசிவரை ஓடியது. எங்கள் வீட்டில் ஒரு பாட்டு முழுசாக ஓடியது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாண்டுரங்கன் பெட்டியை மாட்டச் சுவரில் ஆணி அடிக்கப் போனார். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"இன்னாண்ணா, இப்டித் தொறந்தாப்லயா மாட்டுவ? கொழந்த கைய வுட்டா இன்னா ஆவறது?"

"எல்லார் வூட்லயும் இப்டித்தான் சார் மாட்டிகினு கீறோம்."

"நீ வெச்சுட்டுப் போண்ணா. ஃபிட்டிங் நான் பாத்துக்கறேன்."

உடனே படப்பைக்குப் போய் ஒரு பேனல் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கம்பெனிகளில் மோட்டார் சுவிட்சுகளை உள்ளே வைத்து மூடுவார்களே, அந்தச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. மூன்று மணி நேரம் வேலை நடந்தது. சுவரில் மட்டம் பார்த்து மாட்டினார். ரூட்டரை அதற்குள் வைத்து, ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார். எர்த் ஒயர் இழுத்தார். கதவில் மின்னல் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார். வேலை சுத்தமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். கதவு திறந்திருக்கும்போதே ஒருமுறை நெட் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. கதவை மூடினார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவிய எங்கிட்டக் குடுங்களேன்."

"பூட்னவன்கிட்டதான் சாவி இருக்கணும். அதான் ரூலு."

அது அவர் கம்பெனியின் ரூல். மிஷினுக்குள் கை விட்டு வேலை பார்ப்பவர், மெயின் சுவிட்சைத் தன் பூட்டால் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். அவர் திறக்காமல் வேறு யாரும் மிஷினைப் போட முடியாது. பல பேர் கையையும் உயிரையும் காப்பாற்றிய ரூல். ஆனால் இங்கே யார் கை எதற்குள் இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. கதவை மூடிய பிறகு நெட் வருகிறதா என்றும் பார்க்கவில்லை. ஆறு வருடம் கடைசி செக் இல்லாமல் ஒரு போனைக்கூட அனுப்பாதவள், அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

திங்கட்கிழமை அவர் ஏ ஷிஃப்ட். விடியற்காலை ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். தென்றலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். நெட் இல்லை. பெட்டிக்கு எதிரில் கொண்டுபோய்ப் பிடித்தால் ஒரு கோடு எட்டிப் பார்த்தது, உடனே ஓடிப்போனது. மாடிப்படி ஏறிப் பாண்டுரங்கனுக்குப் போன் போட்டேன்.

"லைட்டு இன்னா கலர்ல எரியுதுமா?"

"தெரியலண்ணா. பூட்டிக் கீது."

"எது பூட்டிக் கீது?"

"ரூட்டரு."

அந்தப் பக்கம் லாரி ஹாரனையும் மீறிக் கத்தினார்.

"ரூட்டரையாமா பூட்டி வெச்சீங்க?"

"இரும்புப் பொட்டில வெச்சு."

"அய்ய! இரும்புக்குள்ள வெச்சா சிக்னலு எப்டிமா வெளிய வரும்? கதவத் தொற, அவ்ளோதான்."

"சாவி அவரு பாக்கெட்ல கீதுண்ணா. பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

"நான் சுங்குவார்சத்திரத்துல கம்பத்து மேல கீறேன்மா. சாயங்காலம் ஆயிடும்."

இவருக்குப் போன் போட்டுப் பயனில்லை. ஷிஃப்டில் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரம் பதினொன்றரைக்கு. கேட் செக்யூரிட்டியின் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன்.

"வூட்ல யாருக்கனா ஒடம்பு சரியில்லியாமா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்ல சார். ரூட்டர அவரு பூட்டிட்டுப் போயிட்டாரு."

"அதுக்கெல்லாம் லைன்லேந்து ஆள வெளிய கூப்ட முடியாதுமா."

வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. கீழே இறங்கி வந்து அந்தப் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெட்டியைத் திட்டித் தீர்ந்ததும் பெட்டி மாட்டியவரைத் திட்டினேன். பிறகு இஞ்சி தட்டும் கல்லை எடுத்துவந்து பூட்டில் நாலு போடு போட்டேன். கம்பெனிப் பூட்டு அல்லவா, அசையவில்லை. என் கட்டைவிரல்தான் சிவந்தது. மணி பத்தேகால்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைனில் ஒரு போன் மூடாமல் தகராறு செய்தால் இப்படித்தான் பார்ப்போம். அழுத்த மாட்டோம், எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடுவோம். பூட்டு இடப்பக்கம் இருந்தது. அவரும் நானும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வலப்பக்கம் இரண்டு கீல் இருந்தது. இரண்டும் வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றிலும் பென்சில் தடிமனில் ஓர் ஆணி.

முதலில் சுவிட்சை அணைத்தேன். என்ன இருந்தாலும் அவர் பெண்டாட்டி.

அவருடைய டெஸ்டரைக் கீல் ஆணிக்குக் கீழே முட்டுக்கொடுத்து, கல்லால் மெதுவாகத் தட்டினேன். மேல் ஆணி பத்து நிமிடத்தில் எழும்பி வந்தது. கீழ் ஆணி வருவேனா என்றது. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தட்டினேன். பத்தே முக்காலுக்கு அதுவும் வந்தது. கதவு வலப்பக்கமாகத் திறந்துகொண்டு, இடப்பக்கம் பூட்டிலேயே தொங்கியது. சுவிட்சைப் போட்டேன். முதல் விளக்கு, இரண்டாவது விளக்கு. மூன்றாவது எரிவதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். பத்து ஐம்பதுக்கு லேப்டாப்பில் எல்லாக் கோடும் நிறைந்து நின்றது.

இன்டர்வியூ எடுத்த மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு இருந்தார். வேகம் சரியாக இருக்கிறது என்றார். அப்புறம் கண்ணைச் சுருக்கினார்.

"உங்களுக்குப் பின்னாடி என்ன தொங்குது?"

புடவையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவள், கதவை மறைக்க மறந்துவிட்டேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வேண்டாம் என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "சரி, இப்ப நான் கஸ்டமர். வாங்கி ரெண்டு நாள்ல மிக்ஸி ஓடல. பேசுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பிடித்துத் திட்டத் தொடங்கினார். நிஜமாகவே திட்டினார். வேறு நாளாக இருந்தால் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அப்படிக் கத்திக்கொண்டிருந்தது நான்தானே. அவர் மூச்சு விடும்வரை காத்திருந்தேன்.

"காலைல எனக்கும் இதே கோவம்தான் மேடம். உங்க மேல தப்பில்ல. மிக்ஸி இப்ப எதிர்லதான கீது? பிளக்க எடுத்துட்டு, ஜாரு நல்லா உக்காந்து கீதான்னு ஒருவாட்டி பாப்பமா?"

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமையிலிருந்து வேலை, காலை பத்திலிருந்து மாலை நாலு. பள்ளிக்கூடம் விட்டு வந்த தென்றலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு அழுதேன். "ஏம்மா அயுவற?" என்று அவள் என் வாயில் சோற்றைத் திணித்தாள்.

நாலேகாலுக்கு அவர் வந்தார். அதற்குள் நான் பேச வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். மேஜைமேல் இருந்த இரண்டு ஆணிகளையும் பார்த்தார்.

"பூட்ட ஒடைக்கல."

"ஒடைக்கல."

"கீல் ஆணியத் தட்டி எடுத்துக்கீற. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆறு வருஷம் ஸ்க்ரூ புடிச்ச கை இது."

அதோடு என் அடுக்கு சரிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். செக்யூரிட்டி சொன்னது, கட்டைவிரல், மேடம், வேலை கிடைத்தது. "சும்மா கீறா, சும்மா கீறான்னு ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொன்னீங்களே, இன்னிக்கு வந்த வேலையயும் சட்டப் பாக்கெட்ல வெச்சுப் பூட்டிக்கினு போயிட்டீங்க" என்று கடைசியில் சத்தம் போட்டேன்.

"எத்தினி மணிலேந்து எத்தினி மணி வரைக்கும் நெட்டு இல்ல?" என்றார்.

இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே என்று இருந்தது. "ஒம்போதே முக்கால்லேந்து பத்து அம்பது வரைக்கும். எதுக்கு?"

அவர் தென்றலின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போடத் தொடங்கினார். எனக்கு அது என்னவென்று தெரியும். அவர் கம்பெனியில் லைன் ஐந்து நிமிடம் நின்றாலும், நிறுத்தியவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். எந்த லைன், எவ்வளவு நேரம், ஏன், அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை தன்னைத்தானே கேட்டு எழுத வேண்டும். அதைவிட அவமானம் கிடையாது என்று அவரே சொல்வார். பதினோரு வருடத்தில் அவர் எழுதியது இரண்டே முறை.

குழந்தையின் சிவப்புப் பென்சிலால் எழுதினார். நான் பின்னால் நின்று படித்தேன்.

லைன்: கலைமதி. நின்ற நேரம்: ஒரு மணி ஐந்து நிமிடம். நிறுத்தியவர்: சிவசங்கர்.

ஏன்? சிக்னல் வரவில்லை.

ஏன்? இரும்புக் கதவு மூடியிருந்தது.

ஏன்? சாவி சிவசங்கரிடம் இருந்தது.

ஏன்? யாருக்கு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

ஐந்தாவது 'ஏன்?' எழுதிவிட்டுப் பென்சில் நின்றது. தென்றல் வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள், அதையும் அவர் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து எழுதினார்.

வீட்டிலும் ஒரு லைன் ஓடுகிறது என்று அவன் இத்தனை நாள் நினைக்கவில்லை.

தாளை என் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கீழ லைன் இன்சார்ஜ் கையெழுத்துப் போடணும்" என்றார்.

ஆறு வருடமும் நான் ஆபரேட்டர். இன்சார்ஜ் என்று போட்ட கட்டத்தில் என் பேனா பட்டதே இல்லை. பென்சிலை வாங்கினேன். கலைமதி என்று முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டேன்.