ஒரு சைஸ் பெரிசு

துணிக்கடை என்றால் அம்மாசிக்கு ஒரே சட்டம்தான். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடு. மகள் தனுஷா முதல் வருடம் அந்தத் துணிக்குள் காணாமல் போவாள், இரண்டாம் வருடம் அது சரியாக இருக்கும், மூன்றாம் வருடம் கிழிந்துவிடும். மனைவி கமலா இருந்தவரை அவனைக் கிண்டல் செய்துகொண்டே மடித்துத் தைத்துக் கொடுப்பாள். அவள் இறந்து நாலு வருடமாகிறது. தனுஷாவுக்குப் பதினேழு முடியப்போகிறது, இன்னும் எவ்வளவுதான் வளர்வாள் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் செவ்வந்தி ஒருநாள் சொல்லியனுப்பினார். சைக்கிள் ரேஸ் தேர்வுக்குத் தனுஷாவை அனுப்பப் போகிறார்களாம். அதற்கென்றே ஒரு டவுசர் இருக்கிறதாம், அதை வாங்கித் தர வேண்டுமாம். அம்மாசி கரும்பு வெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினான். தேர்வில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம். தங்குவது, சாப்பாடு, காலேஜ் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. பன்னிரண்டாவது முடிந்ததும் பெண்ணையும் வெட்டுக்கு அனுப்பு என்று மேஸ்திரி வேறு கேட்டுக்கொண்டே இருந்தார். கரும்புத் தோகை கையை அறுக்கும்போதெல்லாம், இந்தத் தோட்டத்துக்குள் மகள் கால் வைக்கக் கூடாது என்றுதான் அம்மாசி நினைப்பான்.

கடைக்காரர் இடுப்பளவு கேட்டார், தொடையளவு கேட்டார். அம்மாசிக்கு முகம் சுண்டிப்போனது. பெற்ற மகளின் தொடையளவை நடுக்கடையில் நின்று சொல்வதா? கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். இது தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், உள்ளே வைத்துத் தைத்த மெத்தை நகரக் கூடாது, லூசாக இருந்தால் மடிப்பு விழுந்து உரசும், பெண்ணை அழைத்து வந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ஒட்டிக் கிடக்க வேண்டும் என்றபோதே அம்மாசி காதை மூடிக்கொண்டான்.

"பொம்பளப் புள்ளைங்க. நாலு பேரு பாக்கற ரோட்டுல போவுது. தொளதொளன்னு ஒண்ணு குடுங்க," என்றான்.

வீட்டில் தனுஷா போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து ரேஸ் சைக்கிளில் தினமும் கல்வராயன் மலைப் பாதையில் ஏறி இறங்கிப் பழகினாள். சில நாள் கழித்து, சீட்டு குத்துகிறது என்று மட்டும் சொன்னாள். அம்மாசி பஞ்சு உறை வாங்கி சீட்டில் மாட்டினான். அப்போதும் குத்துகிறது என்றதும் தன் துண்டையே மடித்து அதன்மேல் கட்டினான். அவள் நடை மாறியிருந்தது அவன் கண்ணில் படாமல் இல்லை. மேடு மிதிக்கிற கால் வலிக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். பெண்பிள்ளை சமாசாரம் ஏதாவது இருக்குமோ என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் கூச்சம் பிடுங்கித் தின்ன, வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டான். அந்தப் பீடியைப் பிற்பாடு அவன் எத்தனையோ முறை சபித்திருக்கிறான்.

தேர்வு கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ரோட்டில் நடந்தது. முதல் சுற்றில் தனுஷா இரண்டாவதாக வந்தாள். அடுத்த சுற்றில் சீட்டில் உட்காராமல் நின்றபடியே மிதித்து வந்தாள். அதற்கடுத்த சுற்றில் மற்றவர்கள் எல்லாரும் போய் வெகுநேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள்.

செவ்வந்தி டீச்சர் அவளை ஒரு அறைக்குள் அழைத்துப்போய் மருந்து போட்டுவிட்டு வந்து, அம்மாசியைத் தனியே கூப்பிட்டார்.

"தொடையெல்லாம் தோலு உரிஞ்சி ரத்தம் கட்டிக்கினு கெடக்குதுங்க. டவுசர் பெருசு, உள்ள மடிஞ்சி மடிஞ்சி அறுத்திருக்குது. பெருசா இருக்குதே, வேற வாங்கித் தரேன்னு முன்னாடியே நானே சொன்னேன். எங்கப்பா ஆசையா வாங்கியாந்தது மிஸ், மனசு கஷ்டப்படுவாருன்னு வேணாண்ட்டா."

அம்மாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு பேரும் ஒரே வூட்லதான இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சைக்கிளைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு டீச்சர் போய்விட்டார். அப்பாவும் மகளும் டவுன் பஸ் ஏறினார்கள். பஸ் பாதி காலி. தனுஷா உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலி கழன்றுவிட்டது, அதனால்தான் தோற்றேன் என்றாள். அம்மாசியும் உட்காராமல் பக்கத்தில் நின்றான். சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க இரண்டு பேரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டதற்கு அம்மாசி டிக்கெட் காசை எடுத்து நீட்டினான்.

ஊர் நெருங்கும்போதுதான் அம்மாசிக்கு வாய் திறந்தது.

"நாளைக்கு கடைக்குப் போலாம்மா. நீயே உள்ள போயி போட்டுப் பாத்து, ஒனக்கு எது சரியா இருக்குதோ எடுத்துக்க. நான் வெளியவே நின்னுக்கினு இருக்கேன்."

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று தனுஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இனிமே இன்னாத்துக்குப்பா அது?" என்றாள். பிறகு, அவனைத் தேற்றுகிற மாதிரி, "பரீட்ச முடிஞ்சதும் நானும் ஒங்கூட வெட்டுக்கு வரேன்," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அம்மாசி வாயெடுத்தான். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. தனுஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், இறங்கும் இடம் வரை இருவரும் அப்படியே நின்றபடி வந்தார்கள்.