மெல்கியின் படகைத் தூக்கிய நாள்

புயல் வருகிறது என்று வானொலி சொன்னதும் எங்கள் ஊர் ஆண்கள் முதலில் ஓடுவது கள் இறக்கும் பாஸ்தோரிடம்தான். காற்று பலத்துவிட்டால் அவன் தென்னையில் ஏற மாட்டான். அவன் ஏறாவிட்டால் கள் கிடையாது. கள் இல்லாவிட்டால் ஒரு படகும் கரையேறாது.

எங்கள் படகுகளுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கைகள் நீண்டிருக்கும். ஊர் ஆண்கள் எல்லாரும் அந்தக் கைகளுக்குத் தோள் கொடுத்துத் தூக்கினால்தான் படகு மணலை விட்டு எழும்பும். அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. தூக்குவதற்கு முன் படகுக்காரன் ஒரு சுற்று ஊற்ற வேண்டும், இறக்கி வைத்தபின் இன்னொரு சுற்று. என் அப்பா காலத்திலும் அப்படித்தான்.

எனக்குப் படகு இல்லை. அடுத்தவர் தோப்பில் தேங்காய் உரித்துப் பிழைக்கிறவன். தொண்டை மட்டும் பெரியது. அதனால் எல்லாப் படகுக்கும் ஐலசா போடுகிற வேலை எனக்கு. ஐலசா போடுகிறவன் குடித்தால் தாளம் தப்பும், தாளம் தப்பினால் யாருடைய காலாவது நசுங்கும். எனவே என் கோப்பை எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். பெரும்பாலும் பானைதான் காலியாக வரும்.

அன்று காலையில் எங்கள் ஊர்த்தலைவர், நாங்கள் கப்பித்தான் என்று கூப்பிடுகிற எர்மினியோ, ஒலிபெருக்கியோடு கடற்கரைக்கு வந்தார்.

"சிக்னல் மூணு போட்டாச்சு! பொம்பளைங்க, புள்ளைங்க, பன்னிங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போங்க! பன்னிய வகுப்புக்குள்ள கட்டக் கூடாது, போன தடவ வாத்தியார் மேசையத் தின்னுருச்சு! ஆம்பளைங்க படகப் பாருங்க!"

என் படகு முதலில், உன் படகு முதலில் என்று வழக்கம்போல சண்டை தொடங்கியது. முதலில் போகிற படகுக்குக் கூடைப்பந்துத் திடலில் சுவரோரமாக நல்ல இடம் கிடைக்கும். ஆனால் மெல்கியாதெஸ் மட்டும் ஒதுங்கி நின்றான். ஊரிலேயே பெரிய படகு அவனுடையது. மனைவி பெயரையே வைத்து, 'லுடிவினா' என்று பச்சை வண்ணத்தில் எழுதியிருப்பான். அவன் கையிலிருந்து ஒரு தீக்குச்சி வாங்குவதற்குள் அடுப்பே ஆறிப்போகும்.

"நீங்க எல்லாம் முதல்ல ஏத்துங்கப்பா. சின்னப் படகுக்காரங்க பாவம். நான் கடைசியா ஏத்திக்கிறேன்" என்றான்.

கப்பித்தான் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "மெல்கி, உனக்குக் காய்ச்சலா?"

காய்ச்சல் இல்லை, கணக்கு. கடைசிப் படகுக்கு வருவதற்குள் எல்லார் வயிறும் நிறைந்திருக்கும். ஒரே ஒரு குடுவைக் கள்ளில் காரியத்தை முடித்துவிடலாம். அவன் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

மதியம் தாண்டியது. படகு ஒவ்வொன்றாகத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது. வானம் வெந்த ஈரல் நிறத்தில் இருந்தது. அலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து தென்னை வேரை நக்கியது. தூக்குகிறவர்கள் சிரித்துக்கொண்டும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டும் கடைசிப் படகுக்கு வந்தார்கள். மெல்கி ஆளுக்கு அரை மடக்கு ஊற்றினான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"ஏலேலோ!" என்றேன்.

"ஐலசா!" என்றார்கள்.

படகு அசையவில்லை.

"என்னடா இது, லுடிவினா இந்தக் கனம் கனக்குறா!" என்று மூச்சு வாங்கினான் முன்வரிசையில் நின்ற குலாஸ்.

"போன வருசம் இவ்வளவு இல்லையே. மெல்கி நல்லாத் தீனி போடுறான் போல!" என்றான் அடுத்து நின்றவன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாருடா அவன்? யாரு என்னைக் கனம்னு சொன்னது?"

லுடிவினாவேதான். பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு வந்திருந்தாள். குலாஸ் மூங்கிலுக்குக் கீழே குனிந்துகொண்டான்.

"அக்கா, படகத்தான் சொன்னோம்."

"மரம் தண்ணி குடிச்சிருக்கு, அதான்" என்றான் மெல்கி அவசரமாக. "இன்னும் ஒரு தம் புடிங்க! தாசியோ, நல்லாக் கத்துய்யா, காலையில சாப்பிடலையா?"

நான் நரம்பு புடைக்கக் கத்தினேன். இந்தத் தடவை முன்பக்கம் ஒரு சாண் எழும்பி, சரிந்து, தொப்பென்று விழுந்தது. உள்ளே ஏதோ 'டக்' என்று உடைந்தது. கொஞ்ச நேரத்தில் பலகை இடுக்கு வழியாகச் சிவப்பாக ஒழுகிக் குலாஸின் பாதத்தில் சொட்டியது.

"ஐயோ, ரத்தம்! என் காலு போச்சு!" என்று அலறினான் குலாஸ். காலைத் தூக்கிப் பார்த்தான். விரல் எல்லாம் இருந்தது. முகர்ந்தான். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். தேவாலயத்தில்கூட அவன் அப்படி ஒரு பக்தியோடு நின்றதில்லை.

"பழைய கள்ளு" என்றான் மெதுவாக. "ரெண்டு வருசமாவது இருக்கும்."

எங்கள் கள்ளில் மரப்பட்டை போட்டுச் சிவக்க வைப்போம். ஊற வைத்தால் நாளாக நாளாக ருசி ஏறும். படகின் அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், வலைக்குக் கீழே வைக்கோல் சுற்றிய பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள், பிள்ளைகளைப் படுக்க வைத்ததுபோல வரிசையாக இருந்தன.

"வீட்டுல வச்சா வெள்ளம் கொண்டு போயிருமே" என்றான் மெல்கி. "படகுதான் எப்படியும் பத்திரமான இடத்துக்குப் போகுதே, அது கூடவே..."

"அப்ப, எங்களுக்கு அரை மடக்கு ஊத்திட்டு, ஜாடிகள எங்க தோள்லயே ஏத்தி அனுப்பப் பாத்தியா?" என்றான் பாஸ்தோர்.

லுடிவினாவின் கரண்டி உயர்ந்தது. "வினிகர் போடக் கொஞ்சம் கேட்டேன், தீந்துபோச்சுன்னு சத்தியம் பண்ணியே, மனுசா!"

கப்பித்தான் கடலைப் பார்த்தார். அலை படகின் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஜாடிகள இறக்குங்க. கனம் குறைஞ்சா தூக்கிரலாம்."

"இறக்கி எங்க வைக்கிறது? மணல்ல வச்சா அலை தூக்கிட்டுப் போயிரும்" என்றான் குலாஸ்.

எல்லாரும் யோசித்தார்கள். கள்ளை வைக்கப் பத்திரமான இடம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது. மெல்கி தடுக்கப் போனான். பிறகு, இதுவும் படகுக்காகத்தானே என்று அவனே மனதைத் தேற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான்.

படகு ஜாடி ஜாடியாக இலகுவானது. தூக்குகிறவர்களும் அதே வேகத்தில் இலகுவானார்கள். கடைசி ஜாடி காலியானபோது அந்தப் படகை நாலு திடமான ஆட்கள் நகர்த்தியிருக்கலாம். திடமான ஆள்தான் இல்லை. பாஸ்தோர் மூங்கிலைக் கட்டிப்பிடித்து அழுதான். குலாஸ் படகுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, "தூக்குங்கடா, நான் தயார்" என்றான். நான் ஏலேலோ என்றால் ஒருவன் வடக்கே இழுத்தான், ஒருவன் தெற்கே இழுத்தான். படகு சுற்றிச் சுற்றி வந்து மூக்கைக் கடல் பக்கமே நீட்டி நின்றது.

காற்று ஊளையிட ஆரம்பித்தது. ஓர் அலை வந்து படகைத் தூக்கிக் கீழே வைத்தது. மெல்கி கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். இப்போது அவன் முகத்தில் கணக்கு எதுவும் இல்லை.

"இது போனா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற தொழில் தெரியாதே. தாசியோ மாதிரி தேங்கா உரிச்சுச் சாகணுமே!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது சண்டை போடுகிற நேரம் இல்லை.

லுடிவினா முந்தானையை இடுப்பில் செருகுவதுபோலப் பாவாடையை வரிந்து கட்டினாள். திரும்பி, பள்ளிக்கூடத்து மேட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். கப்பித்தானின் ஒலிபெருக்கி வெட்கப்பட்டிருக்கும். ஈரத் துணிகளோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். கீழே கிடந்த கணவன்மார்களைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். ஒருத்தி மட்டும் தாண்டாமல் மிதித்தாள்.

"தூக்குறோம்" என்றாள் கப்பித்தான் மனைவி பெலினா. "எங்களுக்கு என்ன ஊத்துவ, மெல்கி அண்ணே?"

"கள்ளுதான் தீந்துபோச்சே தங்கச்சி."

"அந்தக் கருமம் யாருக்கு வேணும்? புயல் முடிஞ்சு நீ போடுற முதல் வலை மீனு முழுசும் எங்களுக்கு."

"முழுசுமா? பாதி..."

அடுத்த அலை படகைப் பிடுங்கியது. கயிறு அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது.

"முழுசும்! முழுசும்! பிடிங்கம்மா!"

நான் என் வாழ்நாளில் போட்ட நல்ல ஐலசா அன்று போட்டதுதான். ஒரு தோள்கூடப் பிசகவில்லை. படகு மணலை விட்டு எழும்பித் தென்னைகளுக்கு நடுவே புகுந்து திடலுக்கு ஏறியது. குலாஸ் உள்ளே எழுந்து உட்கார்ந்து, "கடல் அமைதியா இருக்குடா" என்றான். இறக்கிக் கட்டிவிட்டு, திரும்பி வந்து ஆண்களையும் காலும் கையுமாகத் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பன்றிகளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். இருட்டுவதற்குள் புயல் கரையைத் தொட்டது.

அது போனபின் பார்த்தால் கூரைகளில் பாதி இல்லை. தென்னைகளுக்குத் தலை இல்லை. படகுகள் எல்லாம் திடலில் அப்படியே இருந்தன. ஆனால் இனி மாதக்கணக்கில் கள் இல்லை என்பதால், படகைக் கடலுக்கு இறக்குவதற்கு ஆண்களுக்குத் தோள் வரவில்லை. குலாஸுக்குத் தலைவலியே இன்னும் தீரவில்லை. மெல்கியின் படகை மட்டும் யாரும் கேட்காமலே பெண்கள் தூக்கிக் கடலில் விட்டார்கள். அதில் வரப்போவது அவர்கள் மீன் ஆயிற்றே.

அவன் திரும்பி வந்தபோது கரையில் கூடைகளோடு பெண்கள் வரிசை நின்றது. புயலுக்குப் பிந்திய கடல், வலை நிறைந்திருந்தது. ஒவ்வொரு மீனையும் பெற்ற பிள்ளையை அனுப்புவதுபோலப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டான். வரிசையின் கடைசியில் லுடிவினா நின்றாள்.

"நீயுமா?"

"நான் தோள் குடுக்கலையா? போடு."

மெல்கியின் முகம் மலர்ந்துவிட்டது. எப்படியும் ஒரு பங்கு வீட்டுக்குத்தான் வருகிறது என்று மிச்சமிருந்ததிலேயே பெரிய மீனாகப் பார்த்து அவள் கூடையில் வைத்தான்.

அவள் அதைச் சுட்டு, வாசலில் உட்கார்ந்து, நடுத்துண்டை நிதானமாகத் தின்றாள். பிறகு வாலை அவனிடம் நீட்டினாள்.