ஐம்பத்து மூன்று பல்

கீமோ முடிந்ததும் என் கணவர் ரூபேந்திரனுக்கு வந்த முதல் ஆசை, ஹாலில் நிற்கும் ஸ்மார்ட் சைக்கிளில் ஃபிட்னெஸ் டெஸ்ட் எடுப்பது. ஒரு வாய் சோறு சாப்பிட ஆசைப்பட்டிருக்கலாம். சண்டை போட்டுப் பார்த்தேன். மனுஷன் கேட்கவில்லை.

அந்தச் சைக்கிளில் கழற்றி மாட்டும் பல்சக்கரம் கிடையாது. எத்தனை பல் வேண்டுமென்று கைப்பேசியில் வைத்தால் போதும்; பல் கூடக் கூட மிதி கனக்கும். காஹாங் மேடுகளில் பந்தயம் ஓட்டிய காலத்து ஐம்பத்து மூன்று பல்லையே அவர் வைத்திருந்தார். போன வாரம் அதில் பாதி டெஸ்ட்கூடத் தாங்காமல் இறங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

“சின்னதா மாத்துங்களேன்,” என்றேன்.

“ஜொகூர் டீம்ல ஓட்டினவன் லா நான். இதுலதான் எடுப்பேன்.”

இன்று அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், நானே முப்பத்து நான்காக மாற்றி வைத்தேன். ஏமாற்றுதான். இருக்கட்டும்.

டெஸ்டை முழுசாக முடித்தார். அவர் மிதித்த பலமென்று திரையில் வந்த வாட்ஸ் கணக்கு பழையதில் பாதிகூட இல்லை.

“பாத்தியா, பெரிய கியர்லயே முடிச்சிட்டேன்!”

“பாத்தேங்க,” என்று கைதட்டினேன்.

துண்டை எடுத்து அவர் முதுகைத் துடைத்தேன். விலா எலும்புகள் துண்டில் தட்டுப்பட்டன.

“யோகேஸ்,” என்றார், என் பக்கம் திரும்பாமல். “அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் சின்னதா வச்சிடு.”