எஃப்-ஒன் அமுக்க மாட்டேன்

சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு தடவை பீப் என்று கத்தும். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும்: ப்ராசஸர் ஃபேன் கோளாறு, தொடர எஃப்-ஒன் அமுக்கவும். அமுக்கினால் ஏதோ செட்டிங் பக்கம் திறக்கும்; அதைப் படிக்காமல் மூடிவிட்டால் போதும், எதுவுமே நடக்காதது மாதிரி கம்ப்யூட்டர் எழுந்து வந்துவிடும். வீட்டுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் அந்த ஆபீசில், டிராயிங் அக்கா சில வாரங்களாக இப்படித்தான் காலையைத் தொடங்கிக்கொண்டிருந்தாள்.

அது ஒன்றுமில்லை என்று அவளுக்குச் சொன்னவர் மச்சான் சார். ஆபீசை நடத்தும் இன்ஜினியருடைய மனைவியின் தம்பி. அவரை மச்சான் என்று கூப்பிட இன்ஜினியர் ஒருவருக்குத்தான் உரிமை; ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆபீசுக்கே அவர் மச்சான் சார்தான். அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர்களை அவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு. ஒரு லீவு நாளில் ஆபீசைத் திறந்து எல்லாப் பெட்டிகளையும் கழற்றித் தூசி தட்டினார். தட்டி முடித்து, ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் 'திறக்கக் கூடாது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலிருந்துதான் அக்காவின் மிஷின் கத்த ஆரம்பித்தது.

அவள் போய்ச் சொன்னாள். பழைய மிஷின் அப்படித்தான் முனகும், எஃப்-ஒன் அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான் என்றார். அவளும் அமுக்கினாள். கைக்குப் பழகிவிட்டால் எந்த எச்சரிக்கையும் காலை வணக்கம் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் ஒருநாள் இன்ஜினியர் கேபினுக்குள் கூப்பிட்டார். அவளுடைய மிஷின் எந்த நேரமும் எரிந்துபோகலாம் என்று மச்சான் சொல்கிறாராம். அதனால் அதைத் தூக்கிவிட்டுப் புதிது ஒன்று வாங்கப்போகிறாராம். புதிதில் மச்சானே வரைவாராம். ஏதோ முப்பரிமாணப் படம் போடுகிற கோர்ஸ் முடித்திருக்கிறார் அல்லவா. அக்கா முன்னால் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கலாம், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். "உனக்கு மனுஷங்ககிட்ட நல்லாப் பேச வரும்மா" என்று தேன் தடவி முடித்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். ஜன்னல் ஓரத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் வரைந்த வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகின்றன. எந்த அறையில் வெயில் விழும், எந்தச் சுவரில் கட்டில் போடலாம் என்று அவள் யோசித்தபடியே அவர்கள் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. போன மாதம் ஒன்றுமில்லாத ஃபேன், இந்த மாதம் எப்படி மிஷினையே கொளுத்துகிற ஃபேன் ஆயிற்று?

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், யார் வம்புக்கும் போகாத ஆள். முன்னால் உட்கார்ந்தால் என்ன, பின்னால் உட்கார்ந்தால் என்ன, சம்பளம் அதேதானே என்றார். உங்கள் வேனில் ஆயில் விளக்கு எரிந்தால் அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுப் போவீர்களா என்று அவள் கேட்டாள். அவர் குனிந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். ஒட்டித்தான் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த பேச்சு வேறு பக்கம் திரும்பி, வேன் மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனது.

அவள் ஆபீசுக்குப் போனபோது கைப்பையில் திருப்புளியும் டார்ச்சும் பெயிண்ட் பிரஷ் ஒன்றும் இருந்தன. மிஷினைப் போட்டாள். பீப் என்றது. வெள்ளை எழுத்து வந்தது. விரல் பழக்கத்தில் எஃப்-ஒன் பக்கம் போயிற்று. அவள் அதை மடக்கிக்கொண்டாள். மெயினை அணைத்தாள், ஒயரைப் பிடுங்கினாள், பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தாள். மச்சான் சாரின் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி நெடுக்காகக் கிழித்தாள்.

பக்கத்து மேஜை எஸ்டிமேட் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுகிறவர் அவர். கணக்கில் வராத எதையும் கண்டால் பயம். ஏம்மா, தேவையா இது என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். அவள் டார்ச்சை அவர் கையில் கொடுத்து, உள்ளே அடியுங்கள் அண்ணே என்றாள். அடித்தார்.

பெட்டிக்குள் என்ன எது என்று அவளுக்கும் பெரிதாகத் தெரியாது. நடுவில் வட்டமாக ஒரு சின்ன விசிறி. அதன் அடியில்தான் மிஷினின் மூளை சூடேறிக்கொண்டு இருக்கும் என்கிற அளவுக்குத் தெரியும். விசிறி அழுக்கில் சிக்கி நின்றிருக்கும் என்று நினைத்து, பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகத் துடைத்தாள். திறந்தபடியே திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டாள். விசிறி கிறுகிறுவென்று சுற்றியது. அவளுக்கு முகம் மலர்ந்தது. உடனே பீப் என்றது, அதே வெள்ளை எழுத்து.

அந்த நேரம் பார்த்தா மச்சான் சார் உள்ளே வர வேண்டும். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பொதுவாகக் காற்றில் சொன்னார். மிஷின் போய்விட்டது என்றால் போய்விட்டதுதான், இனி அக்கா கை வைத்ததால்தான் போனது என்று எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எஸ்டிமேட் அண்ணன் டார்ச்சைத் தாழ்த்தினார்.

அக்காவுக்குக் காது சூடானது. வாயைத் திறந்தால் அசிங்கமாக ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். விசிறி கண்ணெதிரே சுற்றுகிறது. சுற்றவில்லை என்று மிஷின் அழுகிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், அல்லது மிஷின் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு அழ வேண்டும்.

எங்கே பார்க்கிறது என்று தேடத்தான் அவள் கடைசியில் எஃப்-ஒன்னை அமுக்கினாள்; ஆனால் இத்தனை நாள் மாதிரி உடனே வெளியே வராமல், திறந்த செட்டிங் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு பக்கத்தில் விசிறிகளின் வேகம் போட்டிருந்தது. ப்ராசஸர் ஃபேனுக்கு நேரே பூஜ்யம். அதற்குக் கீழே பெட்டி ஃபேன் என்று ஒன்று. அதற்கு நேரே ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பெட்டியிலோ மூளைக்கு மேலே இருக்கிற விசிறியைத் தவிர வேறு விசிறியே கிடையாது.

அவள் சிரித்துவிட்டாள். எத்தனை வீடுகளுக்கு ஒயரிங் பிளான் போட்டிருக்கிறாள். ஹால் சுவிட்சைத் தட்டினால் சமையலறை விளக்கு எரிகிற வீடுகளுக்குப் போய் எலக்ட்ரீஷியனோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். அணைத்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்து டார்ச்சை அருகில் கொண்டுபோனாள். விசிறியின் ஒயர் பலகையின் ஓரத்தில் ஒரு பிளக்கில் மாட்டியிருந்தது. அந்தப் பிளக்கின் பக்கத்தில் எறும்பு எழுத்தில் பெட்டி ஃபேன் என்று அச்சடித்திருந்தது. ப்ராசஸர் ஃபேன் என்று அச்சடித்த பிளக் விசிறிக்குப் பக்கத்திலேயே காலியாக, நாலு கம்பியை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் விசிறி சுற்றும். ஆனால் மிஷின் தன் இடத்தில்தான் தேடும். அங்கே ஆளைக் காணாமல்தான் தினமும் கத்தியிருக்கிறது.

ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றி மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். பீப் இல்லை. வெள்ளை எழுத்து இல்லை. நேராக அவளுடைய படம் வந்து நின்றது, நேற்று பாதியில் விட்ட மாடிப்படியோடு.

யார் கழற்றினார்கள், யார் மாட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கிழிந்த ஸ்டிக்கரில் கையெழுத்து இருந்தது. மச்சான் சார் சாய்ந்திருந்த சுவரில் இப்போது யாரும் இல்லை. கேபின் கதவு சாத்தியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் வெளியே வந்தார். மச்சான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். இன்ஜினியர் மனசால் கெட்டவர் அல்ல. வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியவர், அவ்வளவுதான். எல்லோருக்கும் கேட்கும்படி, அக்காவின் மிஷின் சில சமயம் இப்படித் தானாகவே சரியாகிவிடுவது உண்டு என்று மச்சான் சொல்வதாகச் சொன்னார். நல்ல செய்திதான் என்றார். அக்கா இப்போதைக்கு அங்கேயே உட்காரட்டும், அதைப் பற்றி யாரும் வெளியே பேச வேண்டாம் என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தானா சரியாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. எனக்கு வீட்ல நிம்மதி வேணும்."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் நாற்காலி அவளுக்கு, ஜன்னல் அவளுக்கு, மாடிப்படி அவளுக்கு. எஸ்டிமேட் அண்ணன் கண்ணால் சைகை காட்டினார், சொல்லித் தொலை என்று. அவளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குத் தன் கையையே கேட்கிறார்களே என்று நினைத்ததும் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். இன்றைக்குத் தானாகச் சரியான மிஷின், அடுத்த மாதம் தானாகக் கெட்டுப்போகும். இப்போதைக்கு என்று அவர் சொன்ன வார்த்தையும் அவள் காதில் விழுந்துதான் இருந்தது.

"தானா சரியாகல சார். ஒயரைத் தப்பான இடத்துல மாட்டியிருந்தாங்க. நான் மாத்தி மாட்டினேன்" என்றாள். தாழ்ந்த குரலில் இல்லை.

மச்சான் சாரின் முகம் கறுத்தது. இன்ஜினியருக்குக் கோபம் வந்தது. சமாதானமாகப் போகிறவர்களுக்கு வருகிற கோபம் கொஞ்சம் அதிகமாகவே வரும். அப்படியானால் நாளையிலிருந்து முன்னால் போய் உட்காரலாம், இடத்தைக் காலி செய்யட்டும் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. மௌஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. வாடகை வீடு, வேன், புருஷன் எல்லாம் ஞாபகம் வந்தது.

"அனுப்புங்க சார், உங்க ஆபீஸ். ஆனா மிஷின் போச்சு, அதனால நீ போன்னு இனிமே சொல்ல முடியாது. மிஷின் ஓடுது பாருங்க. உனக்கு வரையத் தெரியல, நீ வேணாம், அப்படின்னு இத்தனை பேர் முன்னாடி என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டா போயிடறேன்."

இன்ஜினியர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அந்த மாடிப்படிக்கு உரிய வீட்டுக்காரர் காலையில்தான் அவருக்குப் போன் பண்ணி, படியை அகலமாக்கச் சொன்ன உங்கள் டிராயிங் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்றிருந்தார். அது அக்காவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். அந்த வாக்கியத்தின் முதல் வார்த்தை வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. பின்னால் மச்சான் "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; அவர் திரும்பவில்லை.

"படி எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டு அவள் மௌஸை எடுத்தாள்.